முன்சக்கரம் இழுக்கவில்லை

ஸெனோபியோ அயாவிரியை மலைமேட்டு ஊரான சுல்லாபாட்டாவில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி அவருடைய பட்டறைக்குள் நுழையவே வேண்டாம், மேட்டுச் சாலையில் திரும்பும் சத்தத்திலேயே எது தேய்ந்திருக்கிறது, எது உடையப்போகிறது என்று சொல்லிவிடுவார் என்பது ஊர்ப் பேச்சு. பத்துக்கு எட்டு சரியாகத்தான் இருக்கும். மீதி இரண்டைப் பற்றி அவரும் பேசமாட்டார், மரியாதைக்காக ஊரும் பேசாது.

தகரச் சுரங்கத்தின் வண்டிக் கொட்டகையில் பதினாறு வயதில் சேர்ந்தவர். சுரங்கத்தை மூடியபோது கூட இருந்தவர்களில் பாதிப் பேர் கோக்கா இலை பயிரிடக் கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டார்கள், மீதிப் பேர் எல்லை தாண்டிப் போனார்கள். இவர் மட்டும் ஒரு ஸ்பானர் பெட்டியையும் மனைவி பிரிமித்தீவாவையும் கூட்டிக்கொண்டு, குளிரையும் புழுதியையும் தவிர வேறொன்றும் தாராளமாகக் கிடைக்காத இந்த ஊருக்கு வந்து பட்டறை போட்டார். அது நடந்து இருபது வருஷம். கை சுத்தம், வேலை சுத்தம். பாகம் நன்றாக இருக்கும்போது மாற்றச் சொல்லிப் பணம் பிடுங்கியதாக ஒருவரும் சொன்னதில்லை. குறை ஒன்றே ஒன்று, அது வாய். சந்தையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கும் பிரிமித்தீவா வாடிக்கையாளர்களிடமே சொல்வாள்: "எங்க வீட்டுக்காரருக்கு காது நல்லா கேக்கும். அவர் வாயில வர்றதுதான் அவருக்கே கேக்காது."

அந்த வாயால்தான் அவர் தன் கொம்பாத்ரேயை இழந்தார், அல்லது இழக்கப் பார்த்தார்.

கொம்பாத்ரே என்றால் ஃபோர்த்துனாத்தோ சோக்கேவில்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தாகலா கிராமம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வாங்கி வந்தார். சிவப்பு நிறம், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. குழந்தைக்கு ஞானத்தகப்பன் வைப்பதுபோல வண்டிக்கும் வைப்பது அங்கே வழக்கம். வண்டியை வாங்கும் முன்பே அதைத் தட்டிப் பார்த்து, கீழே படுத்துப் பார்த்து, வாங்கலாம் என்று சொன்னவர் ஸெனோபியோ. அதனால் அவரே ஞானத்தகப்பன் ஆனார். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; அந்த ஞான உறவுக்கு உரிய முறைப்படி கொம்பாத்ரே என்றுதான், பெண்களை என்றால் கொமாத்ரே.

ஞானத்தகப்பனுக்கு வருஷத்துக்கு ஒரு கடமை உண்டு. கார்னிவல் செவ்வாய்க்கிழமை வண்டிக்குப் படையல் போடவேண்டும். வண்ணக் காகிதத் தோரணம் கட்டி, பூவும் பொடிக் காகிதமும் சீனிமிட்டாயும் தூவி, முதல் வாய் பீரைப் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றி, அப்புறம் வலது முன்சக்கரத்தில் ஆரம்பித்து நாலு சக்கரத்துக்கும் ஊற்றவேண்டும். அப்படிச் செய்தால் அந்த வருஷம் வண்டி ஆளைக் கவிழ்க்காது. பதினாலு வருஷத்தில் அந்த பிக்கப் ஒருதரம்கூடக் கவிழவில்லை. அதில் பாதிப் புண்ணியம் தன் கையால் ஊற்றிய பீருக்குத்தான் என்று ஸெனோபியோ மனதார நம்பினார்.

இந்த வருஷம் ஜனவரி மழையில் ஆறு பெருகியது. ஃபோர்த்துனாத்தோ பதினொரு பேரையும் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தவர், கரைச் சேற்றில் மாட்டிக்கொண்டார். இறங்கி, சக்கரத்தை அச்சோடு சேர்த்துப் பூட்டும் ஹப்பை இரண்டு முன்சக்கரத்திலும் திருப்பிப் பூட்டி, உள்ளே நாலு சக்கர லீவரையும் போட்டார். பின்சக்கரம் குழி தோண்டியதே தவிர முன்சக்கரம் அசையவில்லை. பதினொரு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். மாலையில் ஒரு டிராக்டர் வந்து இழுத்துப்போட்டது.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்தபோது அங்கே ஏழெட்டு டிரைவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"கொம்பாத்ரே, கொஞ்சம் வெளிய வாயேன். ஒரு விஷயம்" என்றார் ஃபோர்த்துனாத்தோ.

"இங்கயே சொல்லு. பாவமன்னிப்பா கேக்கப்போற?"

"முன்சக்கரம் இழுக்கல. வந்து பாரு."

"ஹப்பைத் திருப்பினியா?"

"திருப்பினேன்."

"எந்தப் பக்கம்?" ஸெனோபியோ மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாலு சக்கர வண்டி வெச்சிருக்கவனுக்கு வலது கை எது இடது கை எதுன்னாவது தெரியணும்யா. பேசாம வண்டிய வித்துட்டு ஒரு கழுதை வாங்கு. அதுக்குத் திருப்பவே வேணாம், நாலு காலும் தானா இழுக்கும்."

டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபோர்த்துனாத்தோ எதையோ சொல்ல வாயெடுத்தார். ஏழெட்டு முகங்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு போனது, மூன்று போனது. சிவப்பு பிக்கப் அந்தாகலாவில் சுவரோரம் நின்றுவிட்டது. ஆட்கள் சுற்றுவழியில் வரும் லாரியில் ஏறப் பழகினார்கள். முதலில் ஸெனோபியோ, "ஒரு கிண்டலைத் தாங்காத மனுஷன் என்ன மனுஷன்" என்றார். அப்புறம் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கார்னிவலுக்கு ஆறு நாள் இருக்கையில் ஒரு செய்தி வந்தது: ஃபோர்த்துனாத்தோ இந்த வருஷப் படையலுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரை ஞானத்தகப்பனாக்கப் போகிறாராம். கேட்ட அன்று ஸெனோபியோவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய பெண்டாட்டியை விட்டவனை அந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறார்கள். வண்டிக்கு ஞானத்தகப்பனை மாற்றியவனை யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று நடந்துவிட்டால் இருவரும் சாகும்வரை தெருவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டியதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை, சந்தை நாள். காலை ஒன்பது மணி இருக்கும், மேட்டில் ஒரு சத்தம் திரும்பியது. எந்தச் சத்தம் என்று காதுக்காரருக்குச் சொல்லவா வேண்டும்? கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். ஓட்டி வந்தது கொம்பாத்ரே இல்லை, அவர் மனைவி எர்மோகெனா. வட்டத் தொப்பி கூரையில் இடிக்காமல் தலையைச் சாய்த்தபடி, ஏதோ காளையை அடக்குவதுபோல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"நீங்களா கொமாத்ரே! ஆத்தைத் தாண்டியா வந்தீங்க?"

"நாலு நாளா மழை இல்ல, கணுக்கால் தண்ணிதான். அவர் இருட்டோட உருளைக்கிழங்கு மூட்டைய லாரியில போட்டுக்கிட்டு சந்தைக்கு வந்துட்டார். சாவி ஆணியில தொங்குச்சு, எடுத்துக்கிட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா? ஊர்ல இன்னும் ரெண்டு மெக்கானிக் இருக்கான், அங்க கொண்டுபோயேன்னேன். யாரும் தொடக்கூடாதுங்கறார். கொம்பாத்ரேகிட்டயாவது போன்னேன். அதுக்கும் பேச்சில்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். வண்டியும் கெட்டு மனுஷனும் கெட்டா நான் எதையின்னு தள்ளுறது?" கதவைச் சாத்தினாள். "உங்க காதை நம்பியும் வரல, வாயை நம்பியும் வரல. கையை நம்பி வந்திருக்கேன். பாருங்க."

வாசல் கல்லில் உட்கார்ந்து கம்பளி நூல் நூற்க ஆரம்பித்தாள், முதுகைப் பட்டறைக்குக் காட்டியபடி.

ஸெனோபியோ வேலையில் இறங்கினார். உண்மையைச் சொன்னால், கோளாறைக் கண்டுபிடிக்க அவர் இறங்கவில்லை. கொம்பாத்ரேயின் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் இறங்கினார். மிதித்து உடைத்திருப்பார், எண்ணெய் ஊற்றாமல் ஓட்டியிருப்பார், ஏதாவது ஒன்று கிடைக்கும். கிடைத்தால், "பாத்தீங்களா" என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை படையலுக்குப் போய்விடலாம். இதுதான் அவர் திட்டம்.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். கீழே படுத்து, முன்னால் போகும் நீள ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். லீவர் இரண்டு சக்கரத்தில் இருக்கும்போது சுற்றியது. நாலு சக்கரத்தில் போட்டு, கியரையும் போட்டுவிட்டு வந்து பிடித்தால் அசையவில்லை, பாறை மாதிரி நின்றது. அப்படியென்றால் நடுவிலிருந்து முன்சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி நன்றாக இருக்கிறது. அதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரித்துச் சேர்த்தது அவர்தான். ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டார்.

அடுத்தது ஹப். வலது, இடது இரண்டிலும் திருகுமுகத்தைப் பூட்டும் பக்கம் திருப்பினார். இரண்டும் சுகமாகத் திரும்பின. இப்போது இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றவேண்டும். சுற்றினார். வலது பக்கம் உள்ளே இருக்கும் அச்சு சுற்றியது, சக்கரம் சும்மா நின்றது. வலது சக்கரத்தைச் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றியது, அச்சு அசையவில்லை. வெளியே பூட்டியதுபோலக் காட்டுகிறது, உள்ளே பூட்டவில்லை. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் போதும், இன்ஜின் முன்னால் அனுப்புகிற இழுவை முழுக்க அந்த வெறும் அச்சைச் சுற்றுவதிலேயே போய்விடும். மேட்டில் ஏற வேண்டிய தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதுபோலத்தான். இடது சக்கரம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

அப்படியென்றால் கொம்பாத்ரே ஹப்பைச் சரியாகத்தான் திருப்பியிருக்கிறார். வலது கை, இடது கை இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது ஸெனோபியோவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

ஆறு சின்ன போல்ட்டைக் கழற்றி வலது ஹப்பின் மூடியைப் பிடுங்கினார். வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினார், சப்பென்று ஓர் ஓசையோடு வந்தது. உள்ளே கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசை. நகரவேண்டிய வளையம் அதில் புதைந்து கிடந்தது. பசைக்குள்ளே அங்கங்கே புள்ளி புள்ளியாக மஞ்சள், ஊதா, பச்சை. விரலால் கிள்ளிப் பார்த்தார். பொடிக் காகிதம். கார்னிவலில் தலையில் தூவுவார்களே, அதே காகிதம். பக்கத்தில் பாதி கரைந்த மூன்று சீனிமிட்டாய். முகர்ந்து பார்த்தார். புளித்த பீர்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷக் கார்னிவல் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. தோரணம் கட்டியது நினைவிருந்தது. பாட்டு நினைவிருந்தது. ஆறாவது பாட்டிலோ ஏழாவது பாட்டிலோ, வலது முன்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, "வெளிய ஊத்தினா டயர்தான் குடிக்கும், வண்டி எங்க குடிக்கும்? வண்டிக்கு வாய் எங்க இருக்குன்னு மெக்கானிக்குக்குத்தான் தெரியும்!" என்று தான் முழங்கியது நினைவுக்கு வந்தது. ஐயோ! திறந்ததும், ஊற்றியதும், மிட்டாயைப் போட்டு மூடியதும் அவர் கைதான். இடது சக்கரத்துக்கு வருமுன் தூங்கிப்போயிருக்கவேண்டும், அதனால்தான் அது பிழைத்தது. மறுநாள் காலை கால்சட்டைப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் எப்படி வந்தது என்று பிரிமித்தீவாவிடம் கேட்டதுகூட ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் மழையில்லாத மாதம் முழுக்கப் பாதை காய்ந்து கிடந்தது, நாலு சக்கரம் தேவைப்படவில்லை. பீரும் சீனியும் கிரீஸும் சேர்ந்து நிதானமாக இறுகியிருக்கின்றன. முதல் மழையில் காலை வாரிவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையாலும் கெட்டு வாயாலும் கெட்டிருந்தார்.

வாசலில் எர்மோகெனா திரும்பவில்லை. ஒரு கந்தலை டீசலில் நனைத்து இரண்டு தேய் தேய்த்தால் போதும். "புழுதி அடைச்சிருக்கு கொமாத்ரே, இந்தப் பாதைக்கு இது சகஜம்" என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கொம்பாத்ரே மேலும் பழி இல்லை, தன் மேலும் பழி இல்லை. கந்தலை அவர் நனைக்கவும் செய்தார், நல்லவர் என்பதற்காக அதை மறைப்பானேன். சொட்டச் சொட்டக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கழுதைப் பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக, அது மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்குக் கேட்டது. வெட்கத்தில் கழுத்து வரைக்கும் சுட்டது.

ஒரு காலி மத்தி டப்பாவை எடுத்து, பசையையும் காகிதத்தையும் மிட்டாயையும் வழித்து அதில் போட்டார். அப்புறம்தான் கந்தலால் துடைத்தார். ஒவ்வொரு பாகமாக டீசலில் கழுவி, புதுக் கிரீஸ் தடவி, வளையம் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்துகிறதா என்று பத்துத்தரம் பார்த்து மூடினார். இடது சக்கரத்தைச் சுற்றினார். வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது.

"என்ன கோளாறு?" என்றாள் எர்மோகெனா, நூலைச் சுருட்டிக்கொண்டே.

"அவர் முன்னாடி சொல்றேன். வண்டிய எடுங்க."

சந்தைத் திடலின் ஓரத்தில் லாரிக்காக அந்தாகலா ஆட்கள் முப்பது பேர் காத்திருந்தார்கள். அன்று பட்டறையில் வயிற்றைப் பிடித்துச் சிரித்த டிரைவர்களில் நாலு பேர் பக்கத்தில் லாமா என்னும் மேட்டுநில விலங்கின் இறைச்சி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோர்த்துனாத்தோ காலிச் சாக்குகளை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். தன் வண்டி வருவதைப் பார்த்து எழுந்தார். அதிலிருந்து ஸெனோபியோ இறங்குவதைப் பார்த்து நின்றார். கையிலிருந்த மத்தி டப்பாவில் கறுப்புப் பசையும் பொடிக் காகிதமும் தெரிந்ததும் விறுவிறுவென்று வந்து, தன் தொப்பியைக் கழற்றி அதை மூடிவிட்டார்.

"உள்ள வை" என்றார் அடித்தொண்டையில். "ஆளுங்க நிக்கிறாங்க."

ஸெனோபியோ டப்பாவை விடவில்லை. "இதுல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன கார்னிவல்ல ஆறு போல்ட்டையும் நீ கழட்டிக் கழட்டிக் குடுத்தியே, அதை வாங்கி எந்தத் தொப்பியில வெச்சிருந்தேன்னு நெனைக்கிற? இந்தத் தொப்பிலதான்."

"அப்போ... அன்னிக்கு வந்தியே..."

"ஆத்துல மாட்டினப்பவே சந்தேகம் வந்துச்சு. அதைச் சொல்லத்தான் வெளிய வான்னேன். நீ வரல."

"எல்லார் முன்னாடியும் உன்னைக் கழுதை வாங்குன்னேனே! அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஃபோர்த்துனாத்தோ அவரை ஒரு மாதிரி பார்த்தார். "எட்டு டிரைவருங்க உக்காந்திருந்தானுங்க. சக்கரத்துக்குள்ள மிட்டாய் போடுற மெக்கானிக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் உங்கிட்ட வண்டிய விடுவான்? உன் பொண்டாட்டி கஞ்சி வித்தா உன்னைக் காப்பாத்துவா?"

"மூணு வாரமா வண்டிய நிப்பாட்டி வெச்சியே. வேற பட்டறைக்குப் போயிருக்கலாமே."

"போனா அவன் திறப்பான். திறந்தா பாப்பான். சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கிட்ட மறுபடி வராததுக்குக் காரணம் அது இல்ல. என் கோவம். கழுதைங்கற வார்த்தை அப்படியே நின்னுபோச்சு."

ஸெனோபியோ அந்தத் தொப்பியைப் பார்த்தார். எவ்வளவு பெரிய மனதை எவ்வளவு சின்ன வாயால் ஏசியிருக்கிறோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. அழாமல் இருக்க ஒரே வழி சத்தம் போடுவதுதான். டப்பாமேல் இருந்த தொப்பியை எடுத்துக் கொம்பாத்ரேயின் தலையில் தன் கையாலேயே வைத்தார். பிறகு சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"டேய்! எல்லாரும் இங்க வாங்க. அந்தாகலாக்காரங்களும் வாங்க. வந்து இதைப் பாருங்க."

பார்த்தார்கள். ஒருவன் டப்பாவுக்குள் விரலை விட்டு மிட்டாயை எடுத்தான்.

"என் கொம்பாத்ரே ஹப்பைத் திருப்பத் தெரியாம மாட்டல. சரியாத்தான் திருப்பினார். உள்ள பூட்டல. ஏன் பூட்டல? போன கார்னிவலுக்கு நான்தான் குடிச்சிட்டு அதைத் திறந்து, பீரை ஊத்தி, மிட்டாயும் காகிதமும் போட்டு மூடினேன். கழுதைன்னு அன்னிக்கு ஒருத்தரைச் சொன்னேன்ல? அது இவர் இல்ல. இதோ நிக்கிறேன், பாத்துக்கோங்க."

 சூப்புக்காரி முதலில் சிரித்தாள். அப்புறம் திடலே சிரித்தது. "இனிமே காதுக்காரர் இல்லடா, மிட்டாய்க்காரர்!" என்று ஒரு டிரைவர் கத்தினான். அந்தப் பேர் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது, சாகும்வரைக்கும் போகவில்லை. பட்டறைக்கு வேலை குறையவும் இல்லை. ஹப்பைத் திறந்து பார்க்கச் சொல்லியே அடுத்த மாதம் ஒன்பது வண்டிகள் வந்தன, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் ஒவ்வொருவரும் தன் ஞானத்தகப்பன்மேல் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள்.

ஃபோர்த்துனாத்தோ கடைசியாகத்தான் சிரித்தார். சிரித்தபோது தோள் குலுங்கியது. லாரிக்குக் காத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிவப்பு பிக்கப்பின் பின்னால் மூட்டைகளைப் போட ஆரம்பித்தார்கள். எர்மோகெனா சாவியைப் புருஷனிடம் கொடுக்காமல் தானே போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாத்தியார்கிட்ட என்ன சொல்லப்போற?" என்று கேட்டார் ஸெனோபியோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்த வாத்தியார்?"

"படையலுக்கு அவரைக் கூப்பிட்டியாமே."

"நான் யாரையும் கூப்பிடலையே. அது ஊர் கூப்பிட்டது." ஃபோர்த்துனாத்தோ பின்பலகையைப் பிடித்து ஏறினார். வண்டி கிளம்பியதும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்: "செவ்வாக்கிழமை சீக்கிரம் வந்துடு கொம்பாத்ரே! ஸ்பானரை மட்டும் வீட்லயே வெச்சிட்டு வா!"